வெறுங்கையோடு மலையேறுதல்

பெங் ஷூஜென்னோடு வெள்ளைத் தூபி மலைக்குப் போன யாரும் வெள்ளைத் தூபியைப் பார்த்ததில்லை. லான்ஜோ நகரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரியாமல் போய் மாட்டிக்கொள்பவர்கள் வெளியூர் உறவினர்கள்தான்.

பாவம், அவர்கள் ரயிலில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வந்திருப்பார்கள். காலையில் பெங் அக்கா அவர்களை நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி சூப்பு உள்ளே இறங்கும்வரை பொறுமையாக இருப்பார். பிறகு இரும்புப் பாலத்தைக் கடப்பார்கள். கீழே மஞ்சளாறு, எதிரே மலை, மலை உச்சியில் பல நூறு வருடமாக நிற்கிற தூபி. விருந்தாளி கேமராவை எடுப்பார். பெங் அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்து இடதுபக்கப் பாதையில் திருப்பிவிடுவார். மண்டபம், மணி, கல்வெட்டு எல்லாம் வலதுபக்கமாக விலகிப் போய்விடும். மூச்சு வாங்க ஏறி ஒரு சரிவில் போய் நின்றால் அங்கே ஓர் எல்ம் மரம். கோணல் மரம். இடுப்பு பிடித்துக்கொண்ட ஆள் செருப்பைத் தேடுகிற மாதிரி நிற்கும்.

"எப்படி?" என்று கேட்பார் பெங் அக்கா.

பெய்ஜிங்கிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒருமுறை, "நல்லா இருக்குக்கா. தூபி எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டான்.

"தூபி எங்கடா ஓடிப்போகப் போகுது? அதைக் கட்டினவன் செங்கல்லுல கட்டியிருக்கான். இது அப்படியா? இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்குமோ என்னவோ. முதல்ல இதைப் பாரு."

முதலில் அதைப் பார்த்தான். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு கோணல் மரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மழை பெய்கிற ஊர்க்காரர்கள். எங்கள் மலைகளில் மண் மஞ்சள் மாவு மாதிரி இருக்கும். மழை என்பது பணக்கார மாமா மாதிரி. வருவார் என்று பேச்சிருக்கும், வந்ததாகச் சரித்திரம் இருக்காது. ஒரு மரத்தை வளர்ப்பதைவிட ஒரு பிள்ளையை வளர்ப்பது சுலபம் என்று இங்கே சொல்வார்கள். பிள்ளை பெறாதவர்கள் அதை இன்னும் சத்தமாகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் மொட்டை மலையைப் பச்சையாக்குவது என்று முடிவாகி, ஆலைக்கு ஒரு சரிவு என்று பிரித்துக் கொடுத்தார்கள். தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் கிடையாது. வாளியில் கொண்டுபோனால் பாதி வழியில் சிந்திவிடும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும், கடப்பாரையால் ஐஸைப் பாளம் பாளமாக உடைத்து, முதுகில் வைக்கோலைப் போட்டு அதன்மேல் ஐஸைக் கட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். குழி தோண்டி ஐஸைப் புதைத்து மண்ணை மூடினார்கள். வசந்தத்தில் அது உருக உருக, மேலே நட்ட கன்று குடிக்கும். இப்போது ஆறு உறைவதில்லை, ஆற்றின் மேற்பகுதியில் அணை வந்துவிட்டது. வராமல் இருந்தாலும் ஐஸ் சுமக்க யார் முதுகும் தயாராக இல்லை.

கம்பளி ஆலையில் புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயது ஷூஜென் அந்தக் கூட்டத்திலேயே சின்ன உருவம். அவள் ஐஸைச் சுமந்து போகிறாளா, ஐஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று பின்னால் வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிவில் கால் வழுக்கி விழுந்தாள். பாளம் சுக்குநூறு. மற்றவர்களாக இருந்தால் அழுதுவிட்டுக் கீழே போயிருப்பார்கள். அவள் பஞ்சுக் கோட்டைக் கழற்றி, துண்டுகளை அதில் பொறுக்கிப்போட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு தூக்கிக்கொண்டு மேலே போனாள். கோட்டு உறைந்து பலகை மாதிரி ஆகிவிட்டது.

"பெங், நீ மரம் நட வந்தியா, குச்சி ஐஸ் விக்க வந்தியா?" என்றார் குழுத் தலைவர்.

குச்சி ஐஸ் என்ற பெயர் ஆலை மூடும்வரை அவளை விடவில்லை. ஆனால் அந்த வருடம் முழுப் பாளங்களைப் புதைத்த குழிகளில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. குச்சி ஐஸ் குழியில் ஓர் எல்ம் பிழைத்தது.

பெங் அக்காவின் மற்ற வாழ்க்கையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், அவரும் அப்படித்தான் சொல்வார். கம்பளி சீவும் கூடத்தில் வேலை. இயந்திரச் சத்தத்தில் இடது காது போனது. சிறந்த தொழிலாளி என்று நெஞ்சில் குத்துகிற சிவப்புக் காகிதப் பூ ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. பஸ் ஓட்டுநர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். நல்ல மனிதர், சீக்கிரம் போய்விட்டார். ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்தது. ஒரே மகன் ஹாய்தாவ், படித்து, தெற்கே ஷென்ஜென்னில் வேலைக்குப் போய், மேகம் ஜன்னலைத் தட்டுகிற உயரத்தில் வீடு வாங்கிவிட்டான்.

அவன் வாரம் தவறாமல் போன் செய்வான்.

"அம்மா, இங்க வந்துடும்மா."

"மரத்தை என்னடா பண்றது?"

"இங்க ஊரெல்லாம் மரம்தாம்மா."

"அதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்தறா?"

"மழைதான்."

"அப்போ நான் அங்க வந்து என்ன கிழிக்கப் போறேன்?"

இப்படியே வருடங்கள் ஓடின. தினமும் விடிந்ததும் அடிவாரத்துக் குழாயில் இரண்டு பிளாஸ்டிக் கேன்களை நிரப்பிக்கொண்டு பெங் அக்கா ஏறுவார். மரத்தடியில் ஊற்றுவார். ஈரம் காயாமல் இருக்க, ஆலை மூடியபோது அள்ளிவந்த கழிவுக் கம்பளியை அதன் காலடியில் மெத்தை மாதிரி பரப்பி வைத்திருந்தார். எங்கள் ஊரில் சில மனிதர்களுக்கே அவ்வளவு நல்ல படுக்கை கிடையாது.

பிறகு ஒரு கோடையில் மரத்தின் இலை மஞ்சளானது. அடுத்த கோடையில் உச்சிக் கிளைகள் மொட்டையாயின. வெயில் அதிகம் என்று நினைத்துப் பெங் அக்கா கேனைப் பெரிதாக்கினார். மரம் இன்னும் வாடியது. இலையுதிர்காலத் தொடக்கத்தில், மலை மரங்களைக் கவனிக்கிற நியே என்ற பெண் வந்து, அண்ணாந்து பார்த்து, பட்டையைச் சுரண்டிப் பார்த்து, தண்டில் சிவப்பு பெயின்டால் ஒரு வட்டம் போட்டாள்.

"பெங் அம்மா, கோவிச்சுக்காதீங்க. வசந்தத்துல துளிர் வரலேன்னா வெட்டிடணும். பாதையில விழுந்தா யார் தலையிலயாவது விழும்."

அன்று போனில் பெங் அக்கா கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "மரம் செத்தா நான் அங்க வந்துடறேன், போதுமாடா உனக்கு?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா" என்றான் ஹாய்தாவ். மரியாதையான பையன். போனை வைத்ததும் ஏப்ரல் மாத விமானத்தில் எப்போது கூட்டம் குறைவு என்று பார்த்தான். இதை அவன் மனைவியே பிற்பாடு சொன்னாள்.

பெங் அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரோ மரத்துக்கு ஏதோ செய்கிறார்கள். மலையில் சந்தேகப்பட ஆளுக்குப் பஞ்சமில்லை: விடிகாலையில் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்தி நுரையீரலைச் சுத்தம் செய்கிறவர்கள், மரத்தில் முதுகை இடித்து ரத்த ஓட்டம் வளர்க்கிறவர்கள், பின்னோக்கி நடந்து ஞாபக சக்தி வளர்க்கிறவர்கள். முதல் விசாரணை, பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த மா லானிடம் நடந்தது.

"ஏண்டி, மிச்சம் இருக்கிற வெந்நீரை எங்கடி கொட்றே?"

"உங்க மரத்துலயா? ஏன்க்கா, நான் காசு குடுத்து மேல ஏத்தின தண்ணி. மரத்துக்கு ஊத்த எனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா, உங்களை மாதிரி?"

அந்தப் பதிலில் இருந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டு, பெங் அக்கா ஒரு பிளாஸ்க்கும் ரொட்டியும் எடுத்துவந்து கடை மேசையிலேயே நாள் முழுக்கக் காவல் உட்கார்ந்துவிட்டார். மூடி போட்ட கிண்ணத்தில் பேரீச்சையும் கற்கண்டும் மிதக்கிற தேநீரை வாங்கினால் எங்கள் ஊரில் சாயங்காலம்வரை உட்காரலாம். வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் கீழிருந்து ஓர் ஆள் வந்தார். உயரமான கிழவர். தோளில் மூங்கில் கம்பு, இரண்டு முனையிலும் வாளி. நேராக எல்ம் மரத்திடம் போனார், அதைத் தட்டிக்கொடுத்தார், ஒரு வாளியைக் கவிழ்த்தார்.

"யோவ், என்னய்யா பண்றே அங்க?"

கிழவர் நிதானமாகத் திரும்பினார். "பார்த்தா தெரியலியாம்மா? தண்ணி ஊத்தறேன்."

"யார் மரத்துக்கு?"

"என் மரத்துக்கு."

மேசைகளில் சீட்டாட்டம் நின்றது. தர்பூசணி விதை கொறிக்கிற சத்தமும் நின்றது. மலையில் அது அபூர்வம்.

கிழவர் பெயர் வெய் சாங்கெங். ரயில் பட்டறையில் எஞ்சின் பழுது பார்த்து ஓய்வுபெற்றவர், வடகரை வாசி. மதியத் தூக்கம் போட்டுவிட்டுச் சாயங்காலம்தான் ஏறுவார். அந்த மரத்தை நட்டது தான்தான் என்றார். அதே குளிர்காலம், அதே ஐஸ்.

"பொய் சொல்லாதே. இது கம்பளி ஆலைச் சரிவு. எல்லைக்கு வெள்ளையடிச்ச கல்லு இருந்துச்சு, மரத்துக்கு அந்தப் பக்கம்."

"கல்லு இந்தப் பக்கம்தான் இருந்தது. உங்க ஆளுங்க உருட்டி அந்தப் பக்கம் தள்ளிட்டாங்க."

"உருட்டினது உங்க ஆளுங்க. பட்டறைக்காரனுக்குத்தானே கை சும்மா இருக்காது."

"ஏம்மா, குழி தோண்டினவன் நான். முழுப் பாளம் ஐஸ். உடையாம கொண்டுவந்தேன்."

உடையாமல் என்ற சொல் பெங் அக்காவை எங்கே தொட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பெங் அக்கா பேச்சை மாற்றி, மரத்தைச் சுற்றியிருந்த சிமென்ட் வளையத்தைக் காட்டினார். "இதோ பாரு. நான் தினமும் வர்றதைப் பார்த்துத்தான் மலைப் பூங்கா ஆபீஸ்காரங்க என் மரத்துக்கு இதைக் கட்டிக் குடுத்தாங்க. வருஷா வருஷம் புத்தாண்டுக்கு அவங்களுக்கு ஆப்பிள் கொண்டு போய்க் குடுக்கறேன், கேட்டுப் பாரு."

வெய்யின் முகம் மலர்ந்தது. "அதுவா? அதைக் கட்டினது நான்தான். எஞ்சின் ஏத்தி நிறுத்தலாம், அப்படி அஸ்திவாரம். ஒரு சொட்டு வெளிய போகாது."

பெங் அக்கா கொஞ்ச நேரம் அந்த ஆப்பிள்களை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அப்போ இந்தக் கம்பளி?" என்றார் வெய். "யாரோ கிழிஞ்ச மெத்தையைக் கொண்டாந்து போட்டிருக்கான்னு தினமும் திட்டிட்டு இருக்கேன்."

"அது முதல் தரக் கம்பளி."

"ஆடு கேட்டா அழும்."

அப்போது மா லான் கெண்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "இருங்க, எனக்கு ஒரு கணக்கு. காலையில அக்கா ரெண்டு கேன். சாயங்காலம் ஐயா ரெண்டு வாளி, நீங்க பேசி வெச்சு முறை போட்டுக்கிட்டீங்கன்னுல்ல நினைச்சேன். ஒரு சொட்டு வெளிய போகாத தொட்டி. மேல கம்பளி. ஏங்க, அது மரமா, எருமையா?"

யாரும் சிரிக்கவில்லை. பெங் அக்கா குனிந்து கம்பளியை ஒதுக்கினார். மேல்மண் காய்ந்து ஓடு மாதிரி இருந்தது; எங்கள் காற்றில் எதுவும் மேலே ஈரமாக இருக்காது, ஆளின் நாக்கு உட்பட. ஓட்டை உடைத்துக் கையை விட்டார். முழங்கைவரை சேறு. கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். புத்தாண்டு விடுமுறைக்குப் போய்விட்டு வந்தால், ஆலைத் தொட்டியில் மறந்துபோன ஈரக் கம்பளி இப்படித்தான் நாறும். அந்த வாசனையை அவர் ஆயுசு முழுக்க மோந்திருக்கிறார்.

"அழுகுது" என்றார். "வெய், நாம இதைத் தண்ணியில முக்கிக் கொல்றோம்."

தண்ணீரில் மூழ்கி மரம் சாவது. எங்கள் ஊரில் அப்படி ஒரு நோயை யாரும் கேள்விப்பட்டதில்லை. இங்கே மரங்கள் தாகத்தில் சாகும், குளிரில் சாகும், அதிகாரிகள் வருகைக்காக இடம் மாற்றி நட்டதில் சாகும். அன்பு மிகுந்து செத்த மரம் என்று ஒன்று பதிவானால் அது இதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் நியே வந்து கையை விட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வளையத்தை உடைங்க. கம்பளியை எடுங்க. வசந்தம்வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்."

"மண்ணு உறையறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாளி?" என்றார் வெய்.

"ஐயா."

"அரை வாளி?"

வளையத்தை உடைக்க வெய்க்குப் பல நாள் பிடித்தது. சம்மட்டி தெறித்தது. அடிக்கொரு தரம் நிமிர்ந்து, "நல்லாக் கட்டிட்டேன்" என்பார். அது வருத்தமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெங் அக்கா கம்பளியைக் கோணியில் அள்ளினார். அதற்கே ஒரு வாரம், ஏனென்றால் நல்லதைப் பொறுக்கித் தனியாக வைத்தார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை ஆரம்பித்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது.

வாழ்நாள் முழுக்கச் சுமையோடு ஏறியவருக்கு வெறுங்கையோடு ஏறத் தெரியாது. பெங் அக்காவின் கைகள் இரண்டு பக்கமும் ஆடின; அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. பின்னோக்கி நடக்கிறவர்கள்கூட நின்று, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். தாங்காமல் காலி கேன்களை எடுத்துவர ஆரம்பித்தார், பேலன்ஸுக்கு. வெய் காலி வாளிகளோடு வந்தார், கம்புக்குத் துணையாக. காலி என்று சொல்வதை நம்பாமல் ஒருவர் பாத்திரத்துக்குள் இன்னொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அவர் திருட்டுத்தனமாக ஊற்றிவிடுவார் என்று இவர், இவர் ஊற்றிவிடுவார் என்று அவர். வெய் மதியத் தூக்கத்தை விட்டுக் காலையிலேயே வர ஆரம்பித்தார். பெங் அக்கா சாயங்காலம்வரை இருக்க ஆரம்பித்தார். மரத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்ற, ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வேறு மேசையிலிருந்து அந்த இடம் சரியாகத் தெரியாதாம்.

"உங்க பட்டறையில எல்லாருக்கும் இவ்ளோ நீளக் கழுத்தா? மறைக்குது, நகரு."

"உங்க ஆலையில எல்லாருக்கும் இவ்ளோ நீள நாக்கா?"

குளிர்காலம் முழுக்க இப்படி. பனியில் மா லான் வேகவைத்த சூடான பேரிக்காய் கொண்டுவந்து வைத்தால், ஒரு கிண்ணம் போதும் என்று இருவரும் சொல்வார்கள். அது சிக்கனம் என்றும் சொல்வார்கள். மற்ற மேசைகளில் பந்தயம் ஓடியது, பணயம் தர்பூசணி விதை. மரம் பிழைக்குமா என்று ஒரு பந்தயம். இன்னொன்று எதைப் பற்றி என்று நான் சொல்ல மாட்டேன். நான் எந்தப் பக்கமும் சாயாதவன், அதனால் எல்லாப் பக்கமும் கட்டினேன்.

மார்ச் கடைசியில் மணல் புயல் வந்தது. வானம் காவி நிறமானது. ஆறு தெரியவில்லை, தூபி தெரியவில்லை. எதிரே இருப்பவர் பல்லில் மண் கடிபடுவது மட்டும் கேட்டது. அப்படிப்பட்ட நாளில் மலைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று பெங் அக்கா கணக்குப் போட்டார். இவ்வளவு வறட்சியில் ஒரு வாய் தண்ணீராவது இல்லாவிட்டால் எந்த உயிரும் தாங்காது. முகத்தைச் சல்லாத் துணியால் சுற்றிக்கொண்டு, கோட்டுக்குள் ஒரு பிளாஸ்க்கை மறைத்துக்கொண்டு ஏறினார்.

மரத்தடியில் ஒரு நீளமான உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் கோட்டு வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது.

"வெய்."

உருவம் அசையவில்லை.

"கோட்டுக்குள்ள என்ன?"

"நெஞ்சு வலிக்கு வெந்நீர் ஒத்தடம்."

"எடு வெளிய."

வெய் பிளாஸ்க்கை எடுத்தார். பிறகு அவர் கண் பெங் அக்காவின் கோட்டில் நின்றது. "உனக்கும் நெஞ்சு வலியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டு போய், பூட்டியிருந்த கடையின் சுவரோரம் ஒதுங்கினார்கள். பிளாஸ்க்குகளை நடுவில் வைத்தார்கள். வாயைத் திறந்தால் மண்.

"எடுத்துட்டு வந்தாச்சு" என்றார் கடைசியில் பெங் அக்கா. "திரும்பத் தூக்கிட்டுப் போறதா?"

வெய்யின் பையில் தேயிலை இருந்தது. மரத்துக்காகக் கொண்டுவந்த தண்ணீரை அவர்கள் உட்கார்ந்து குடித்துத் தீர்த்தார்கள். வெய்யின் தண்ணீர் சூடாக இருந்ததாம். மரம் குளிரில் இருக்கிறதே என்று கொதிக்கவைத்து எடுத்துவந்தாராம். அன்றைக்கு அவர் முந்திக்கொண்டு ஊற்றியிருந்தால் கதை அங்கேயே வெந்துபோயிருக்கும்.

இறந்தவர்களின் கல்லறையைத் துடைக்கிற ஏப்ரல் விடுமுறைக்கு ஹாய்தாவ் வந்தான். அப்பாவின் கல்லறைக்குப் பூவோடு வந்தான். அம்மாவுக்கு ஒரு பெரிய காலிப் பெட்டியோடு வந்தான். பெட்டியை அறையின் மூலையில் வைத்து, அது ஒன்றுமில்லை என்பது போல அதன்மேல் தன் கோட்டைப் போட்டான். பெங் அக்கா பார்த்தார். சொன்ன சொல் சொன்னதுதான் என்கிற பரம்பரை அவர். கல்லறையிலிருந்து திரும்பியதும், "வா, மலைக்குப் போகலாம்" என்றார்.

வெய் அங்கே இருந்தார். நியே மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தாள், ரம்பக்காரர்களோடு. மரம் சிவப்பு வட்டத்தை நெற்றிப் பொட்டு மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு பச்சை இல்லாமல், மஞ்சள் வானத்தைக் கீறிக்கொண்டு நின்றது. சுற்றியுள்ள எல்ம்களில் எல்லாம் இலைக்கு முன்னே வருகிற விதைக்கொத்துகள், சின்னச் சின்னப் பச்சைக் காசுகளாகத் தொங்கின. இதில் மட்டும் இல்லை.

"யாரும்மா இவரு?" என்று ஹாய்தாவ் அம்மாவின் நல்ல காதில் கேட்டான்.

"மரத்தைத் திருட வந்தவரு" என்றார் பெங் அக்கா.

"நீ அம்மா மாதிரி இல்லேப்பா, நல்ல உயரம்" என்றார் வெய். அது சமாதானப் பேச்சு என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இருவரும் மேசையில் உட்கார்ந்துகொண்டார்கள். அண்ணாந்து பார்க்கவில்லை. பெங் அக்கா மா லானிடம், தன் தேநீர்க் கிண்ணத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும், பிறகு, கொடுத்துவிடு என்றும் சொன்னார். நல்ல கம்பளியைத் தலையணைக்கு எடுத்துக்கொள்ளும்படி வெய்யிடம் சொன்னார். வெய் கழுத்தை நீட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாய்தாவ் மட்டும் மரத்தைச் சுற்றி நடந்தான். சின்ன வயதில் அரை கேனோடு இந்தப் பாதையில் அழுதுகொண்டே ஏறியவன் அவன். பள்ளிக்கூடம் விட்டால் மற்ற பிள்ளைகள் விளையாடப் போவார்கள், இவன் தம்பியைப் பார்க்கப் போவான். மரத்தை அப்படித்தான் அம்மா சொல்வார். இந்த மரம் செத்துப்போக வேண்டும் என்று அவன் முதன்முதலாக வேண்டிக்கொண்டது இப்போது இல்லை.

வடக்குப் பக்கம், பாறையைப் பார்த்து வளைந்த தாழ்வான கிளை. மேசையிலிருந்து பார்த்தால் தண்டு மறைக்கும். அதன் நுனியில் கொத்துக் கொத்தாக, விரல் நகத்தைவிடச் சின்னதாக, வெளிர்பச்சை.

மற்ற இரண்டு பேருக்கும் கண் மங்கல். நாளைக் காலையில் ரம்பக்காரர்கள் வருவார்கள். அவர்கள் சிவப்பு வட்டத்தைப் பார்ப்பார்களே தவிர கிளையைப் பார்ப்பார்களா என்பது சந்தேகம். பெட்டி காலியாக இருக்கிறது. அவன் கொஞ்சம் அதிக நேரமே அங்கே நின்றான். மா லான் தூரத்திலிருந்து அவன் நின்றதைப் பார்த்தாள். ஷூவில் கல் புகுந்துவிட்டதோ என்று நினைத்தாளாம்.

"அம்மா" என்றான் ஹாய்தாவ். "இங்க பச்சையா என்னமோ இருக்கு."

அந்த இரண்டு கிழங்களும் அந்த வயதில் அவ்வளவு வேகமாக எழுந்திருக்கக் கூடாது. தேநீர்க் கிண்ணம் ஒன்று உருண்டது. பெங் அக்கா கிளையைப் பிடித்து மூக்குவரை இழுத்துப் பார்த்தார். வெய் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், பிறகு துடைக்காமலும் பார்த்தார்.

"இது என் பக்கத்துக் கிளை" என்றார் வெய்.

"வேர் என் பக்கம்" என்றார் பெங் அக்கா.

மா லான் நியேவுக்குப் போன் செய்தாள். ஹாய்தாவ் கால்சட்டையை மடித்துக்கொண்டு பக்கத்து எல்ம்களில் ஏறினான். தம்பி மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஷென்ஜென்னில் அவனுக்குக் கீழே பலர் வேலை செய்கிறார்கள், அவர்கள் இதைப் பார்க்கவில்லை. கால்சட்டை கிழிந்த சத்தம் மலை முழுக்கக் கேட்டது. அவன் பறித்துப் போட்ட இளம் விதைகளை, எங்கள் ஊர் வசந்த வழக்கப்படி, மாவில் புரட்டி, மா லானின் அடுப்பில் ஆவியில் வேகவைத்து, பூண்டும் மிளகாய் எண்ணெயும் வினிகரும் ஊற்றிக் கலந்தார்கள். தன் மரத்தின் கிளையிலிருந்து பெங் அக்கா ஒரே ஒரு கொத்தைக் கிள்ளி, ருசிக்கு என்று அதில் போட்டார். அந்தக் கொத்து யார் கிண்ணத்துக்குப் போனது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் ஹாய்தாவ் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"அம்மா, நான் இந்த ஊர்லயே பிறந்தேன். தூபியைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்ல."

"போய்ப் பாரு. யாரு வேண்டாங்கறா?"

"நீயும் வாயேன்."

"நான் வந்தா இவரு ஊத்திடுவாரு" என்றார் பெங் அக்கா. வெய் எழுந்திருக்கப் போனார். "நீ எங்க கிளம்பறே? உட்காரு."

ஹாய்தாவ் கிழிந்த கால்சட்டையைக் கையால் மூடிக்கொண்டு தனியாக ஏறினான். வெயில் இறங்கும் நேரத்தில் திரும்பி வந்தான்.

"எப்படி?" என்றார் பெங் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு. அங்கேருந்து பார்த்தா நம்ம மரம் தெரியுது."

வெய் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மேலேருந்து பார்த்தா அது யார் சரிவுப் பக்கம் சாஞ்சிருக்கு? உண்மையைச் சொல்லு."

ஹாய்தாவ் இருவரையும் பார்த்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடுகிற அந்த மரத்தையும் பார்த்தான்.

"நேரா நிக்குது" என்றான்.